ஜிக் விளையாட்டுச் சாமான் இல்லை

ஆழ்கடல் ஜிக்கிங் வீடியோக்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். நீலத் தண்ணீர், வில்லாக வளைந்த ரொட், "ஃபிஷ் ஒன்!" எண்டு ஒரு சத்தம். பிறகு கையில் ஒரு பெரிய பாரை, இல்லாட்டி ஒரு கலவாய். கடைசியில் மீனோடு ஒரு படம், அதைத் திரும்பக் கடலில் விடுதல், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. இதைப் பார்க்கிற நம்மட ஆக்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். கடலிலேயே வயசு போன காக்காமார் "இது காசுக்காரன்ட விளையாட்டு, தம்பி. இரும்பைக் காட்டி மீன் பிடிக்கிறதாம்" எண்டு சிரிப்பார்கள். இளந்தாரிமார் அந்த ரீல் என்ன பிராண்ட், எங்க வாங்கலாம் எண்டு கேட்பார்கள்.

நான் இரண்டு பக்கமும் இல்லை. ஜிக் ஒரு தொழில் சாமான். புன்னைக்குடாவில் படகு தள்ளுகிற ஒருவனுக்கு அது நல்லாகப் பொருந்தும். ஆனால் அந்த வீடியோக்களில் இருந்து சாமானை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், அவை சொல்கிற நியாயத்தை எடுக்கக்கூடாது. 'பிடி, படமெடு, விடு' எண்ட நியாயம் ஆழ்கடலில் பெரும்பாலும் பொய். அதற்குப் பதிலாக நமக்கு ஒரு எண்ணிக்கை வேண்டும்: ஒரு நாளைக்கு இத்தனை மீன், அதோடு நிறுத்து. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான காரணம்.

ஒரு துண்டு உலோகம்

ஜிக், பிர்க் இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான். இரை குத்தத் தேவையில்லாத, மினுங்குகிற, கனமான ஒரு உலோகத் துண்டு. அதை நேர்கீழாகக் கடலடிக்கு இறக்கி, மேலே இழுத்து, விழவிட்டு, காயப்பட்ட ஒரு சின்ன மீன் துடிக்கிற மாதிரிக் காட்டுவதுதான் வேலை.

பிர்க் வட ஐரோப்பாவின் பழைய சாமான். டென்மார்க்கில் அதன் பெயர் பிர்க், நோர்வே, சுவீடன் பக்கம் பில்க். கொட் மீனுக்காக உருவானது. நீளமாக, தடிப்பாக, வாலில் மூன்று கொக்கி சேர்ந்த ஒரு கொத்தோடு இருக்கும். பிரித்தானியாவில் பழைய கார்களின் குரோம் பூசிய கதவுக் கைப்பிடியைக் கழற்றி, கொக்கி மாட்டி, பிர்க்காக இறக்கியிருக்கிறார்கள். குழாயை வெட்டி உள்ளே ஈயம் ஊற்றியும் செய்தார்கள். அதாவது இது ஏழைத் தொழிலாளி பழைய இரும்புக் குவியலில் இருந்து உண்டாக்கிய சாமான். காசுக்காரன்ட விளையாட்டு என்பது பிறகு வந்த கதை.

இப்போது வீடியோக்களில் வருகிற ஜிக் ஜப்பான்காரர் செதுக்கியெடுத்தது. இதில் கொக்கி பெரும்பாலும் வாலில் இருக்காது. தலைப்பக்கம், ஒரு உறுதியான நூல் துண்டில், ஒன்றோ இரண்டோ ஒற்றைக் கொக்கி தொங்கும். இதில் ஒரு புத்தி இருக்கிறது. ஜிக் வால்முனை கீழாக விழும், அதனால் தலையில் இருக்கிற கொக்கி கல்லில் மாட்டுவது குறைவு. துரத்துகிற மீனும் பல நேரம் இரையின் தலையைத்தான் தாக்கும். 'ஸ்லோ பிட்ச்' எண்டு சொல்கிற முறையில் கையை வேகமாக இழுக்கவும் தேவையில்லை. ரொட்டின் வளைவே ஜிக்கைத் தூக்கிவிடும். பிறகு ஜிக் பக்கவாட்டாக, காய்ந்த இலை விழுகிற மாதிரி ஆடி ஆடி விழும். மீன் பெரும்பாலும் அடிப்பது அந்த விழுகிற நேரத்தில்தான்.

எவ்வளவு பாரம் போடுவது? பொதுவாகச் சொல்கிற கணக்கு, மீற்றரில் ஆழத்தை எடுத்து இரண்டால் அல்லது மூன்றால் பெருக்கு, அதுதான் கிராம். 50 மீற்றருக்கு 100 முதல் 150 கிராம், 100 மீற்றருக்கு 200 முதல் 300. நீரோட்டம் இழுத்தால் கூட்டு, கடல் அமர்ந்திருந்தால் குறை. நூல் சரிந்து போகாமல் செங்குத்தாக நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. நிறத்துக்கு ரொம்பத் தலையை உடைக்க வேண்டாம். சிவப்பு நிறம் கொஞ்ச ஆழத்திலேயே கறுப்பாகிவிடும். கடையில் தொங்குகிற பத்து நிறமும் முதலில் மனிசனைப் பிடிக்கத்தான்.

நமக்கு இது அந்நியமா?

"வெள்ளைக்காரன்ட சாமான்" எண்டு தள்ளிவைப்பவர்களுக்கு ஒரு கேள்வி. இறால் மாதிரி வடிவம், வாலில் வட்டமாக முள்ளு, இரை எதுவும் குத்தாமல் இறக்கி ஆட்டுகிற கணவாய்த் தூண்டில் யாருடையது? அதுவும் ஒரு ஜிக்தான். அதைக் கிழக்குக் கடலில் கைநூலில் கட்டி இறக்குகிறவன் ஜிக்கிங் தெரியாதவனா?

இன்னும் பக்கத்தில் வரலாம். நம்மட குசினியில் மாசி இல்லாத வீடு உண்டா? சம்பலுக்கு இடிக்கிற அந்த மாசி மாலைதீவின் சூரை. அங்கே சூரையைப் பிடிப்பது வலையால் இல்லை. உயிரோடு சின்ன மீனைத் தண்ணீரில் எறிந்து சூரையைக் கிளப்பிவிட்டு, எதிர்முள் இல்லாத மினுங்குகிற கொக்கியைத் தடியில் கட்டி ஒன்றொன்றாகத் தூக்குவார்கள். கொக்கியின் மினுக்கமே இரை. அந்தத் தடித்தூண்டில் சூரைக்கு 2012 இல் எம்.எஸ்.சி. எண்ட சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. 'ஒரு கொக்கி, ஒரு மீன்' என்பதையே அவர்கள் உலகச் சந்தையில் விலையாக மாற்றினார்கள். நம்மைப் போல இந்து சமுத்திரத்தில் வாழ்கிற, நம்மைப் போல மீன் இல்லாமல் சோறு இறங்காத ஒரு சனம் செய்த வேலை இது.

நோர்வேயும் நமக்குத் தூரமில்லை. 1956 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரம் அங்கிருந்து திரட்டிய உதவியோடு தொடங்கியதுதான் சீநோர். காரைநகரில் படகும் குருநகரில் வலையும் செய்தார்கள். அதன் வழியே போனவர்களும், பிறகு 80களில் போன தமிழர்களும் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் கொட் மீன் வெட்டுகிற தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பிர்க் பிறந்த கடலில் பிடித்த மீனை நம்மட ஆக்களின் கைதான் வெட்டியது.

ஏன் இந்தக் கரைக்கு?

நம்மட கரைக்கு ஒரு வசதி உண்டு, ஆழம் பக்கத்தில் இருக்கிறது. இலங்கையின் கிழக்கில் கண்டத்திட்டு ஒடுங்கியது. மட்டக்களப்புக்கு நேரே கிடக்கிற ஹெர்மிஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்க. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது கிடப்பது 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், ஆனால் கரையில் இருந்து ஃபைபர் படகில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில். பல நாடுகளில் இந்த ஆழத்தைத் தொட அரைநாள் ஓட வேண்டும்.

இந்த ஆழத்தில் கல்லும் பாரும் உள்ள இடங்களில் வலை போட்டால் என்ன நடக்கும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வலை கல்லில் மாட்டும், கிழியும், பாதி அங்கேயே கிடக்கும். கிடக்கிற வலை சும்மா கிடக்காது. யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் வருசக்கணக்காக மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். ஜிக் அப்படி இல்லை. மாட்டினால் போவது ஒரு துண்டு உலோகமும் கொஞ்ச நூலும். அதுவும் நட்டம்தான், குப்பைதான். ஆனால் அந்த உலோகம் கடலடியில் கிடந்து மீன் பிடிக்காது.

அடுத்தது செலவு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதை யாரும் மறந்திருக்க முடியாது. படகைத் தள்ளலாமா, கரையிலேயே விடலாமா எண்டு கணக்குப் பார்க்க வைத்த நாட்கள் அவை. ஜிக்குக்கு எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகை நீரோட்டத்தோடு மிதக்கவிட வேண்டும். கல்லைத் தாண்டிப் போன பிறகுதான் எஞ்சினைப் போட்டுத் திரும்ப மேலே வர வேண்டும். இரைக்குக் காசில்லை, இரை தேடுகிற நேரமும் மிச்சம். வலை வாங்க சம்மாட்டியிடம் கடன்படுவதும், அந்தக் கடனுக்காக அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுப்பதும் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விசயம். தொடங்குவதற்கு ஒருவனுக்குத் தேவையானது ஒரு பையில் அடங்கும்.

இதை வைத்து எல்லாத் தொழிலையும் மாற்றலாம் எண்டு நான் சொல்லவில்லை. சாளையையும் கீரியையும் ஜிக்கால் பிடிக்க முடியாது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து வாரக்கணக்கில் போகிற ஆழ்கடல் படகுகளின் தொழில் வேறு, கரைவலை வேறு, வாவியில் வீச்சுவலை வேறு. ஜிக் பிடிப்பது கலவாய், விளைமீன், பாரை, சீலா, இடையில் சூரை, அறுக்குளா. எண்ணிக்கை குறைவு. ஆனால் வலையில் செத்து ஊறிக் கிடந்த மீனுக்கும், உயிரோடு ஏற்றி உடனே இரத்தம் வடியவிட்டு ஐஸில் வைத்த மீனுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவனின் கைக்குத் தெரியும். பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. நல்ல மீனுக்கு நல்ல விலை கொடுக்கக்கூடிய வாசல்கள் அவை. பெட்டி நிறைய மீனைக் கொண்டுவந்து ஏலத்தில் விலை விழுவதைப் பார்ப்பதை விட, பத்து மீனைக் கொண்டுபோய்ப் பேரம் பேசலாம்.

காசும் ஈயமும்

"ரொட்டும் ரீலும் ஆர் வாங்கித் தாறது?" நியாயமான கேள்வி. சில ரீல்களின் விலைக்குப் பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கலாம். ஆனால் அது தேவையில்லை. நோர்வேயில் சின்னப் படகுக்காரர் பிர்க்கைக் கைநூலில் கட்டித்தான் காலங்காலமாகப் பிடித்தார்கள். கைநூல் நமக்குப் பிறந்ததில் இருந்து தெரியும். தங்கூசி ரப்பர் மாதிரி இழுபடும், அதனால் 60 மீற்றர் கீழே மீன் தொடுவது கைக்குத் தெரியாமல் போகும். இழுபடாத பின்னல் நூல் போட்டு, நுனியில் இரண்டு பாகம் தங்கூசி கட்டினால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பின்னல் நூல் கையை அறுக்கும். கையுறை இல்லாமல் அதைத் தொடாதீங்க, கையில் சுற்றிப் பிடிக்கவே பிடிக்காதீங்க. பெரிய பாரை ஒன்று ஓடினால் விரல் போகும்.

ஜிக்கையும் இங்கேயே செய்யலாம். லேத் பட்டறையில் ஒரு இரும்புக் கம்பியைச் சாய்வாக வெட்டி, இரண்டு முனையிலும் துளை போட்டு, மினுக்கினால் பிர்க் ரெடி. இங்கேதான் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் உடனே ஈயத்துக்குப் போவார்கள். ஏனெண்டால் ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், அடுப்பே போதும். பழைய பற்றறியை உடைத்தால் ஈயம் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம். உருகுகிற ஈயத்தின் புகையும் தூசும் வீட்டுக்குள் படியும், சின்னப் பிள்ளைகளின் கையால் வாய்க்குப் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை எண்டு சொல்லக்கூடிய அளவே அதற்கு இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரித்தானியா 1987 இலேயே தூண்டிலில் போடுகிற சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்தது, அன்னப் பறவைகள் அதை விழுங்கிச் செத்ததால். டென்மார்க் 2002 இல் ஈயத் தூண்டில் சாமான்களின் விற்பனையையே நிறுத்தியது. இரும்பு ஈயத்தை விடப் பாரம் குறைவு, அதே எடைக்கு ஜிக் பெருசாகத்தான் வரும், கொஞ்சம் மெதுவாக இறங்கும். அவ்வளவுதான் குறை. கல்லில் விட்டுவிட்டு வந்தாலும் துருப்பிடித்துக் கரைந்து போகும்.

வால்முனையில் மூன்று கொக்கிக் கொத்தும் வேண்டாம். அது வாயில் மட்டுமா கொழுவுது? வயிறு, செவுள், கண் எண்டு எல்லா இடமும் கொழுவும், கல்லிலும் கொழுவும். தலையில் ஒற்றைக் கொக்கி போதும்.

விட்டால் பிழைக்குமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வீடியோவில் மீனை விடுகிறார்களே, அது நல்ல விசயம்தானே எண்டு பலர் நினைக்கிறோம்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 60 மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதை விட ஏழு மடங்கு. கலவாய், விளைமீன் போன்ற கல்லு மீன்களின் உடம்புக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. ஆழத்தில் அது சின்னதாக அமுங்கி இருக்கும். நாம் ரீலைச் சுற்றி ஒன்றிரண்டு நிமிசத்தில் மேலே கொண்டுவரும்போது அந்தக் காற்று ஏழு மடங்கு விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், வயிறு ஊதும், இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளும். அந்த மீனைத் தண்ணீரில் விட்டால் கீழே போக முடியாமல் வயிறு மேலாக மிதக்கும். கேமரா நின்ற பிறகு வெயிலும் கடற்பறவையும் சுறாவும் மிச்ச வேலையைச் செய்யும். 'விட்டுவிட்டோம்' எண்டு நாம் சந்தோசப்பட்ட மீன் செத்த மீன்தான். அதைக் கறியாக்கியிருந்தால் நாலு பேர் சாப்பிட்டிருப்பார்கள்.

எல்லா மீனும் இப்படி இல்லை. சூரைக்கும் அறுக்குளாவுக்கும் காற்றுப்பையே இல்லை. அவற்றைக் கையால் அதிகம் பிடிக்காமல் உடனே விட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஆழத்தில் இருந்து வந்த கலவாயைச் சும்மா எறிந்துவிட்டு மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ள முடியாது. கட்டாயம் விட வேண்டிய மீன் எண்டால் அதைக் கீழே கொண்டுபோய் விட வேண்டும். எதிர்முள் தட்டிய ஒரு கொக்கியை நல்ல பாரத்தோடு தலைகீழாகக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் கொழுவி, நூலில் இறக்கி, ஆழத்தில் ஒரு வெட்டு வெட்டினால் கொக்கி கழன்றுவிடும். அழுத்தம் திரும்ப வரும்போது காற்றுப்பையும் சுருங்கும். அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவில் கல்லு மீன் பிடிக்கிற படகுகள் இப்படியான இறக்கும் கருவியையோ காற்றை வடிக்கும் ஊசியையோ வைத்திருக்க வேண்டும் எண்டு 2022 இல் சட்டமே வந்தது. நமக்குச் சட்டம் தேவையில்லை, ஒரு கொக்கியும் ஒரு பாரமும் போதும். அதுவும் எல்லா மீனையும் காப்பாற்றாது.

கலவாயின் கதை இன்னும் சிக்கல். பெரும்பாலான கலவாய் இனங்கள் பெண்ணாகத்தான் வளர்ந்து முட்டை போடும், வயசு போய்ப் பெருத்த பிறகுதான் ஆணாக மாறும். ஒரு கல்லில் இருக்கிற பெரிய கலவாயை எல்லாம் தூக்கினால் அங்கே ஆண் இல்லாமல் போகும். சின்னதை எல்லாம் தூக்கினால் நாளைக்குப் பெரிசாக ஒன்றும் இருக்காது. கலவாய் ஊர் சுற்றுகிற மீனும் இல்லை, தன் கல்லிலேயே இருக்கும். கையில் ஜீ.பி.எஸ்., படகில் ஃபிஷ் ஃபைண்டர், நூலில் ஜிக். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு கல்லை ஒரு பருவத்திலேயே வெறுமையாக்கலாம். 'தூண்டில் எண்டால் கடலுக்குக் கெடுதி இல்லை' எண்டு சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஜிக் கடலடியைக் கிழிக்காது, அது உண்மை. மீனை முடிக்காது என்பது பொய்.

முடிகிறதற்கு மீன் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. நோர்வேயின் நான்சன் ஆய்வுக்கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலை அளந்தது, பிறகு 2018 இல் திரும்ப வந்து அளந்தது. இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்தால் கரையோர மீன்வளம் பெரிதும் சுருங்கியிருப்பது தெரியும். காக்காமார் கடற்கரையில் "முந்தி மாதிரி இல்ல, மகன்" எண்டு சொல்வதும் அதைத்தான்.

எண்ணிக்கை

அதனால்தான் சொல்கிறேன், விடுவதை விட நிறுத்துவது மேல். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு இரண்டு கலவாய். அது கிடைத்தவுடன் கல்லை விட்டு விலகிப் பாரைக்கோ சூரைக்கோ போ, அல்லது கரைக்கு வா. இரண்டு என்பது வேதவாக்கில்லை. மூன்று எண்டு பேசி முடிக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு எண் இருக்க வேண்டும், அதைக் கடலுக்குப் போக முதலே சொல்லியிருக்க வேண்டும். மீன் அடிக்கிற நேரத்தில் எவனுக்கும் கணக்கு வராது.

இது கற்பனை இல்லை. ஐஸ்லாந்தில் 2009 இல் சின்னப் படகுகளுக்காக ஒரு கோடைக்காலக் கரையோரத் தொழிலைத் திறந்தார்கள். பெரிய கம்பனிகளிடம் இருக்கிற மீன் பங்கு இல்லாத சாதாரண ஆளும் போகலாம். சாமான் ஜிக் மட்டும்தான். ஒரு படகுக்கு ஆகக் கூடியது நாலு ஜிக் ரீல். கடலில் இருக்கக்கூடிய நேரம் 14 மணித்தியாலம். ஒரு நாளைக்குப் பிடி 650 கிலோ கொட் மீனுக்குச் சமமான அளவு, அதற்கு மேல் இல்லை. மே முதல் ஓகஸ்ட் வரைதான் பருவம். அங்கேயும் சண்டை இருக்கிறது, மொத்த ஒதுக்கீடு முடிந்துவிட்டது எண்டு பருவத்தை முந்தியே மூடிவிட்டார்கள் எண்ட கோபம் இருக்கிறது. ஆனாலும் சின்னப் படகு, ஜிக், கட்டாய அளவு மூன்றையும் சேர்த்து ஒரு தொழிலை நடத்தலாம் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

நமக்கும் இது புதுசில்லை. கரைவலைக்குப் பாடு என்கிற ஒழுங்கு இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை வளைப்பது, யாருடைய முறை எப்போது என்பதைக் கரையே பேசித் தீர்த்துக்கொண்டது. பொலிஸ் வந்து முறை பிரிக்கவில்லை. அதே கரைக்கு ஜிக்குக்கும் ஒரு முறை வைக்க ஏலாதா? மீனவர் சங்கக் கூட்டத்தில் பேசலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் பேசலாம். சாப்பிடுகிற தேவை இல்லாமல் ஒரு உயிரைப் பொழுதுபோக்குக்கு வதைப்பது நம்மட மார்க்கம் விரும்புகிற காரியமும் இல்லை. தேவைக்கு எடு, வீண்விரயம் செய்யாதே என்பதை நமக்கு ஆரும் ஐஸ்லாந்தில் இருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்லை.

"அடிமடி இழுக்கிறவன், டைனமைட் போடுகிறவன், தங்கூசி வலை போடுகிறவன் எல்லாரையும் விட்டுட்டு ரெண்டு தூண்டில் போடுற எங்களிட்டத்தான் கணக்குக் கேக்கிறீங்களா?" எண்டு ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இழுவைமடிக்கு 2017 இல் இருந்து சட்டப்படி தடை இருக்கிறது. தங்கூசி வலைக்கும் தடை இருக்கிறது, டைனமைட் குற்றம். சட்டம் கடுதாசியில் இருந்தால் போதாது எண்டு நாம் கத்தத்தான் வேண்டும். ஆனால் கத்துகிறவன் தன் படகில் எத்தனை மீன் எண்டு சொல்லக்கூடியவனாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு எடை கூடும். திணைக்களத்துக்கு முன்னால் ஒரு கொப்பியை வைத்து, "இதுதான் எங்கட பிடி, இவ்வளவுக்கு மேல நாங்க எடுக்கல்ல, இப்ப அவனுடையதைக் காட்டுங்க" எண்டு கேட்கலாம்.

அந்தக் கொப்பி முக்கியம். திகதி, ஆழம், எந்த மீன், எவ்வளவு நீளம், விட்டதா எடுத்ததா. ஐந்து நிரல், ஒரு பேனை. கல்லின் இடத்தை எழுத வேண்டாம், அது அவரவர் ரகசியம். பக்கத்து வந்தாறுமூலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விலங்கியல் படிக்கிற நம்மட பிள்ளைகளே அங்கே இருக்கிறார்கள். இரண்டு வருசக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கலவாய் சிறுத்துக்கொண்டு போகுதா இல்லையா எண்டு அவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லலாம். நம்மட கல்லுகளைப் பற்றி நம்மிடமே ஒரு கணக்கு இருக்கும்.

மாரி முடிந்து வாடை ஓய்ந்து கடல் அமரும்போது திரும்பப் படகு தள்ளுவோம். அதற்கு முதல் செய்யக்கூடியவை சில. மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு செட் சாமான் வாங்குங்க, தனித்தனியாகக் கடன்பட வேண்டாம். இரும்பு ஜிக் பத்தை லேத்தில் வெட்டிப் பாருங்க. படகில் உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா எண்டு பாருங்க, எஞ்சினை நிறுத்தி மிதக்கிற தொழிலில் அது கட்டாயம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கொப்பியையும் இறக்கும் கொக்கியையும் வையுங்க. பிறகு கடற்கரையில் குந்தி, ஒரு பிளேன்டியோடு, எண்ணிக்கை எவ்வளவு எண்டு பேசி முடிவெடுங்க. என்னுடைய எண் இரண்டு. உங்களுடையது என்ன?